தை மாதத்துத் தீ

சேலம் சூரமங்கலத்தில், ரயில் நிலையத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு இது புதுக் காட்சி இல்லை. வெயில் ஏறத் தொடங்கியதும் ஏதோ ஓர் இரவில் சேர்வராயன் மலைச்சரிவில் சிவப்பாக ஒரு கோடு நெளியும். மொட்டை மாடியில் நின்று பார்க்கிறவர்கள், "எவனோ பீடியை அணைக்காமப் போட்டுட்டான்" என்பார்கள். கோடு மெல்ல மேலேறும், இரண்டாகப் பிரியும், விடிந்தால் புகை மட்டும் நிற்கும். அடுத்த வருடமும் அநேகமாக அதே பக்கம் எரியும்.

அதே மலைக்குத் தை மாதத்தில் போய்ப் பாருங்கள். வனத்துறை ஆட்களே அரிவாளால் புல்லை அறுத்து, சருகைக் கூட்டி ஓரமாகக் குவித்து, தீ வைத்துக்கொண்டிருப்பார்கள். காட்டில் தீ வைத்தால் வழக்குப் போடுகிற துறையே தீ வைக்கிறதே என்று யாருக்கும் தோன்றும். அவர்களிடம் கேட்டால், தீத்தடுப்புக் கோடு போடுகிறோம் என்பார்கள். சில மீட்டர் அகலத்துக்கு எரியக்கூடிய எல்லாவற்றையும் முன்கூட்டியே எரித்துவிட்டால், பிறகு வரும் தீ அந்த வெற்றுப் பட்டையில் வந்து நின்றுவிடும்.

இந்தப் பதில் சரிதான். ஆனால் அதிலிருந்தே இன்னொரு கேள்வி கிளம்புகிறது. ஒரு பட்டையை முன்கூட்டி எரிப்பது காட்டைக் காக்கும் என்றால், காட்டுத் தரையையே ஆங்காங்கே, முன்கூட்டி, லேசாக எரித்தால் என்ன? மலைவாழ் மக்கள் பல தலைமுறைகளாகச் செய்துவந்தது ஏறக்குறைய அதைத்தான். அதற்கு எந்த அளவு அறிவியல் ஆதாரம் இருக்கிறது, எங்கே அது செல்லாது என்பதே இந்த அத்தியாயம்.

எரிவது என்ன?

மலையடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதே காடு மாறிக்கொண்டு வருவது தெரியும். கீழே முள்ளும் புதரும். அதற்கு மேல் கோடையில் இலையுதிர்க்கும் மரங்கள். உச்சியை நெருங்கும்போது பசுமையும் ஈரமும். இவற்றில் ஆண்டுதோறும் எரிவது பெரும்பாலும் நடுவில் இருக்கும் இலையுதிர் காடும் அதையொட்டிய புல்சரிவும்தான்.

காரணம் எளிது. வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு விடைபெறுகிறது. நீர் சிக்கனத்துக்காக மரங்கள் இலையை உதிர்க்கின்றன. மழை இருந்தால் கறையானும் பூஞ்சையும் அந்தச் சருகைத் தின்று மண்ணாக்கிவிடும். ஈரம் இல்லாத நான்கைந்து மாதம் அவை மந்தமாகிவிடுவதால் சருகு சருகாகவே கிடக்கிறது. கூடவே ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்கும் போதைப்புல். மழைக்கு முன் இதை அழிக்க இயற்கையில் மீதமிருக்கும் ஒரே வழி நெருப்பு.

மூங்கில் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடிக்கிறது என்று பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். நம் ஊர்க் காடுகளில் தீ பெரும்பாலும் மனிதர் கையிலிருந்துதான் தொடங்குகிறது. பீடித் துண்டு, சமைத்துவிட்டு விட்டுப்போன அடுப்பு, புதுப்புல் துளிர்க்கட்டும் என்று மேய்ச்சல்காரர் வைத்தது, பட்டா நிலத்தில் களை எரித்தபோது எல்லை தாண்டியது, சில நேரம் வன்மம். மூங்கிலை விடுதலை செய்துவிடலாம்.

ஒரு சரிவு, இரண்டு தீ

எல்லாத் தீயும் ஒன்றா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜார்ஜ் பைரம் 1959 இல் ஒரு வழி சொன்னார். தீயின் பலம் மூன்று விஷயங்களின் பெருக்கல். எரியும் பொருள் கிலோவுக்கு எவ்வளவு வெப்பம் தரும், தரையில் அது எவ்வளவு கிடக்கிறது, தீ எவ்வளவு வேகமாக நகர்கிறது. தரையில் கிடக்கும் எரிபொருளின் எடையை இனி 'எரிசுமை' என்போம். நகரும் தீயின் முன்வரிசையில் ஒரு மீட்டர் அகலத்திலிருந்து வெளிப்படும் வெப்பம் 'தீமுனை வெப்பம்'.

சேர்வராயன் அடிவாரத்துக்குச் சற்று மேலே ஒரு ஹெக்டேர் சரிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். எண்கள் கணக்குக்காக நாம் வைத்துக்கொள்பவை, ஆனால் இத்தகைய காடுகளில் நடக்கக்கூடியவை.

முதல் தீ தை மாதத்தில். இரண்டு வருடத்துக்கு முன் லேசாக எரிந்த இடம், அதனால் எரிசுமை அதிகமில்லை: ஹெக்டேருக்கு 3 டன். ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் சருகும் புல்லும். உலர்ந்த சருகு கிலோவுக்குச் சுமார் 18,000 கிலோஜூல் வெப்பம் தரும். ஆக ஒரு சதுர மீட்டரில் 5,400 கிலோஜூல். மண்ணில் மழை ஈரம் இன்னும் முழுக்க வற்றவில்லை; இரவுப் பனியில் நனைந்த அடிச்சருகு பத்து மணிக்கு மேல்தான் காய்கிறது; காற்றும் இல்லை. தீ நிமிடத்துக்கு ஒரு மீட்டர் ஊர்கிறது. ஒரு மீட்டர் அகலத் தீமுனையிலிருந்து நொடிக்கு 90 கிலோஜூல், அதாவது 90 கிலோவாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் தொண்ணூற்றை அந்த ஒரு மீட்டரில் அடுக்கிவைத்த மாதிரி. கேட்க பயமாக இருந்தாலும், சுவாலை அறுபது சென்டிமீட்டர்தான். முழங்காலைச் சற்றுத் தாண்டும். பச்சைத் தழைக்கொத்தால் இரண்டு பேர் அடித்து அணைத்துவிடலாம்.

இரண்டாவது தீ பங்குனியில், அதே சரிவில். பத்து வருடம் தீயே படாமல் 'காப்பாற்றப்பட்ட' இடம் என்று வைத்துக்கொள்வோம். எரிசுமை 12 டன். சருகு மட்டும் இவ்வளவு சேராது. மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன். எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்திருக்கிறது, பிற்பகல் காற்றும் சேர்கிறது, தீ நிமிடத்துக்கு ஐந்து மீட்டர் ஓடுகிறது. இப்போது தீமுனை வெப்பம் 1,800 கிலோவாட். சுவாலை இரண்டரை மீட்டர் உயரும்.

எரிசுமை நான்கு மடங்குதான் கூடியது. தீயின் பலம் இருபது மடங்கு ஏறிவிட்டது. சுவாலை 1.2 மீட்டரைத் தாண்டிவிட்டால் கைக்கருவிகளோடு தீயின் முன்னால் நிற்கக் கூடாது என்பது உலகெங்கும் தீயணைப்பவர்கள் கடைப்பிடிக்கும் அளவு. முதல் தீயை அணைத்த அதே இரண்டு பேர் இரண்டாவதிலிருந்து ஓடத்தான் வேண்டும்.

இந்தக் கணக்கில் சரிவைச் சேர்க்கவில்லை. தீயின் வெப்பம் மேல்நோக்கிப் போவதால் மேட்டுப் பக்கத்துச் சருகு, சுவாலை வந்து சேருமுன்பே காய்ந்து தயாராகிவிடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் மேலேறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேற்றத்துக்குப் போனவர்கள் புல்சரிவில் தீயிடம் அகப்பட்டு இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, காற்று மூன்றும் சேர்ந்தால் மனிதக் கால் தீயை முந்த முடியாது.

அதனாலேயே விவரம் தெரிந்தவர்கள் சரிவில் எரிக்கும்போது மேல் விளிம்பில்தான் முதலில் தீ வைப்பார்கள். தீ காற்றுக்கும் மேட்டுக்கும் எதிராகப் பின்வாங்கியபடி கீழே இறங்கும். நேரம் பிடிக்கும், சலிப்பாகவும் இருக்கும். ஆனால் சுவாலை தாழ்ந்தே இருக்கும்.

பட்டையின் தடிமன்

சரி, மெல்லிய தீ என்றாலும் தீதானே, மரம் செத்துப்போகாதா?

மரத்தில் உயிரோடு வளர்வது பட்டைக்கு அடியில் உள்ள ஒரு மெல்லிய படலம். பாடப்புத்தகத்தில் கேம்பியம் என்று படித்திருப்போம். 'வளர்படலம்' என்று வைத்துக்கொள்வோம். அது 60 டிகிரி வெப்பத்தைத் தொட்டால் இறந்துவிடும். சுற்றிலும் முழுதாக இறந்தால் மரம் போச்சு. வெளியே உள்ள வெப்பம் உள்ளே போய்ச் சேர எவ்வளவு நேரம் என்பதைப் பட்டையின் தடிமன் தீர்மானிக்கிறது. தடிமன் இரண்டு மடங்கானால் தாங்கும் நேரம் நான்கு மடங்காகும். ஒரு சென்டிமீட்டர் பட்டை தோராயமாக மூன்று நிமிடம் தாங்கும் என்றால் இரண்டு சென்டிமீட்டர் பட்டை பன்னிரண்டு நிமிடம் தாங்கும். அரை சென்டிமீட்டர் பட்டைக்கு ஒரு நிமிடம்கூட இல்லை.

சருகுத் தீ ஓரிடத்தில் நிற்பது பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. எனவே வளர்ந்த வேங்கையும் கருமருதும் தேக்கும் அடிமரம் கருகியதோடு தப்பிவிடும். விரல் தடிமன் நாற்று கருகிவிடும். ஆனால் இந்தக் காட்டு மரங்கள் பலவற்றின் நாற்றுகளுக்கு வேரில் சேமிப்பு உண்டு, மழை பெய்ததும் திரும்பத் துளிர்க்கும். நீலகிரி மாவட்டம் முதுமலையில் 1988 இல் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் குழு 50 ஹெக்டேர் காட்டை அளந்து, மரம் மரமாக எண் போட்டு, இன்றுவரை கணக்கெடுத்து வருகிறது. தீயில் சாகிறவை பெரும்பாலும் சிறு தண்டுகளே என்பது அந்தக் கணக்கில் தெளிவாகத் தெரிகிறது.

சிறியதுதான் சாகும் என்பதில் நல்லதும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. அந்தச் சிறியது யாருடைய கன்று என்பதைப் பொறுத்தது.

சோளகர் வைத்த தீ

மேட்டூர், கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போய்வருகிறவர்கள் சேலத்தில் ஏராளம். அங்கிருந்து கொள்ளேகால், எளந்தூர் என்று போனால் பிலிகிரிரங்கன் மலை வரும். கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டம். அங்கே வாழ்பவர்கள் சோளகர். பர்கூர், சத்தியமங்கலம் மலைகளில் இருப்பவர்களின் உறவினர். ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவலால் தமிழ் வாசகருக்கு அறிமுகமான மக்கள். தென்னிந்தியாவில் மக்கள் வைக்கும் காட்டுத் தீயைப் பற்றி மிக விரிவாகப் பதிவானது இவர்கள் அனுபவம்தான்.

சோளகர் சொல்வது இது. முன்பெல்லாம் பனிக்காலம் முடிந்து சருகு விழத் தொடங்கியதும், கோடை முற்றுமுன், காட்டில் 'தரகு பெங்கி' வைப்போம். சருகுத் தீ என்று அர்த்தம். நடைபாதை தெளியும், யானையும் கரடியும் தூரத்திலேயே கண்ணில் படும், மழை வந்ததும் புல் துளிர்த்து மானும் காட்டெருமையும் மேயும், நெல்லிக்காய் பொறுக்கப் போகிறவர்களுக்கு வழி கிடைக்கும். காடு முழுதையும் ஒரே நாளில் எரிப்பதில்லை. ஆங்காங்கே துண்டு துண்டாக, ஈரம் வற்ற வற்ற. இன்று எரிந்த துண்டு நாளை பக்கத்துத் துண்டின் தீக்கு வேலி ஆகிவிடும். இரவுப் பனி இறங்கியதும் பெரும்பாலும் தானே அணையும்.

1974 இல் அந்த மலை வனவிலங்குச் சரணாலயம் ஆனது. மக்கள் காட்டுக்குள் இடம் மாறி மாறிப் பயிரிடுவது நின்றது, 'போடு' எனப்படும் நிலையான குடியிருப்புகளுக்கு வந்தார்கள். தீ வைப்பது குற்றம் ஆனது. சோளகரைப் பொறுத்தவரை காடு கெடத் தொடங்கியது அங்கிருந்துதான். இரண்டு விஷயங்களைச் சொல்கிறார்கள். ஒன்று, நெல்லி மரத்தில் புல்லுருவி பெருகிவிட்டது; முன்பு தீயின் சூட்டில் அது வாடிவிடும். மற்றது, உண்ணிச்செடி காட்டையே மூடிவிட்டது. முன்பு அதன் கன்றுகள் சருகுத் தீயில் கருகிவிடும்.

இப்படிச் சொல்வதைப் பழைய காலத்து ஏக்கம் என்று ஒதுக்குவது சுலபம். பெங்களூருவின் ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அப்படி ஒதுக்கவில்லை. புல்லுருவி ஏறிய நெல்லி மரங்கள் அதிகம் சாவதை அவர்களுடைய நீண்டகாலக் கணக்கெடுப்பு காட்டியது. நெல்லி குறைவதற்குக் காய் பறிப்பது மட்டுமே காரணம் என்ற எண்ணம் ஆட்டம் கண்டது. பரத் சுந்தரமும் அங்கிலா ஹிரேமத்தும் உண்ணிச்செடியைப் பின்தொடர்ந்தார்கள். 1997 இல் மலை முழுதும் பரவலாக அளந்து வைத்திருந்த 134 மாதிரித் திட்டுகளுக்கு 2008 இல் திரும்பப் போய் எண்ணியபோது, உண்ணிச்செடி இருந்த திட்டுகள் 41 சதவீதத்திலிருந்து 81 சதவீதமாக ஏறியிருந்தன. பதினொரு வருடத்தில் இரட்டிப்பு.

உண்ணிச்செடி போட்ட முடிச்சு

உண்ணிச்செடியைத் தெரியாதவர் சேலத்தில் இருக்க முடியாது. வேலியோரம் ஆரஞ்சும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும், கருநீலப் பழத்தைச் சிறுவர்கள் தின்பார்கள், இலையைக் கசக்கினால் காரமாக மணக்கும். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காக 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் பூங்காவுக்கு வந்த செடி. 2020 இல் வெளியான ஓர் ஆய்வின்படி இந்தியாவில் புலி வாழும் காட்டுப்பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கை, 1,50,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், இது பிடித்திருக்கிறது.

இப்போது அந்த 12 டன்னுக்கு வருவோம். உண்ணிச்செடி தடித்த புதராக ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து, பக்கத்து மரத்திலும் சாய்ந்து ஏறும். அதன் உள்ளே காய்ந்த குச்சிகள் தலைமுறை தலைமுறையாகச் சேரும். சருகு தரையோடு கிடப்பது. இது காற்றோட்டத்தோடு அடுக்கிய விறகு. தீ இதைப் பிடித்தால் கிளை வழியாக மர உச்சிக்கு ஏறிவிடும். பட்டைத் தடிமன் தந்த பாதுகாப்பு அங்கே உதவாது, இலையும் மொட்டும் கருகும்போது பட்டை என்ன செய்யும்? 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் 10,000 ஏக்கருக்கு மேல் எரிந்தபோது, காய்ந்து நின்ற உண்ணிப் புதரும் அந்தத் தீக்குத் தீனி போட்டது.

பெரிய தீயில் உண்ணிச்செடியும் எரியுமே, அதோடு தொலையாதா என்றால், தொலையாது. அதன் வேர்க்கட்டை மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். மேலே மரங்கள் கருகி வெளிச்சம் கொட்டும். முதல் மழைக்கு வேர்க்கட்டையிலிருந்து பத்துக் கிளை புறப்படும். பறவைகள் புது விதையும் கொண்டுவரும். அடுத்த தீக்கு இன்னும் பெரிய விறகுக்குவியல் தயார். ஹிரேமத்தும் சுந்தரமும் 2005 இல் இதை ஒரு சுழலாக முன்வைத்தார்கள்: தீ உண்ணிச்செடியை வளர்க்கிறது, உண்ணிச்செடி தீயை வளர்க்கிறது.

இங்கே வாசகர் என்னைப் பிடித்துக் கேட்கலாம். சோளகர் தீ உண்ணியைக் கொல்லும் என்கிறார்கள், ஆய்வாளர்கள் வளர்க்கும் என்கிறார்கள், யார் சொல்வது சரி? இரண்டும் சரி, ஏனென்றால் இரண்டு பேர் பேசுவது இரண்டு வேறு தீயைப் பற்றி. நம் கணக்கின் முதல் தீ பென்சில் தடிமன் உண்ணிக் கன்றைக் கொல்லும். அதற்கு இன்னும் வேர்க்கட்டை தேறவில்லை, எழ முடியாது. இரண்டாவது தீ ஆளுயரப் புதரின் தலையை மட்டும் எரித்து, அதன் போட்டியாளர்களை ஒழித்துக் கொடுக்கிறது. சருகுத் தீ நின்ற காலத்தில் கன்றுகள் புதராகிவிட்டன. ஆகவே இன்றைக்கு மனம் மாறி, 'சரி, பழையபடி எரியுங்கள்' என்று தீப்பெட்டியைக் கொடுத்தால் பழைய காடு திரும்பாது. 1,800 கிலோவாட்தான் கிடைக்கும். சோளகர் பெரியவர்களே இப்போது காட்டில் தீ வைக்க அஞ்சுவதாக ஆய்வாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள் என்றால் அதில் வியப்பில்லை.

ஆங்கிலேயர் பட்ட பாடு

காட்டில் தீயே கூடாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? சங்கக் குறிஞ்சிப் பாடல்களில் கானவர் காட்டை எரித்துத் தினை விதைப்பது சாதாரண நிகழ்ச்சி. கொல்லிமலையிலும் சேர்வராயனிலும் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களும் சரிவில் வெட்டி எரித்து, சாமையும் தினையும் விதைத்த புனக்காட்டு வழக்கம் உள்ளவர்கள். சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக 1856 இல் பொறுப்பேற்ற ஹ்யூ கிளெக்ஹார்னுக்கு இது கண்ணில் உறுத்தியது. தேக்கு, கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் மரம் என்ற கணக்கில் பார்த்தால் தீ என்பது பணம் எரிவது. 1860-களில் மத்திய மாகாணத்தின் போரிக் காட்டில் கர்னல் பியர்சன் முழுத் தீத்தடுப்பைச் சோதித்துக் காட்டினார். 1882 இன் சென்னை வனச் சட்டம் வந்தபின் தீ வைப்பது இங்கேயும் தண்டனைக்குரியதானது.

வேடிக்கை என்னவென்றால், சந்தேகமும் அதே வனத்துறைக்குள்ளேயே முளைத்தது. பர்மாவில் தீயைத் தடுத்த தேக்குக் காடுகளில் பெரிய தேக்கு நன்றாக இருந்தது, ஆனால் கன்றுகளைக் காணோம். மூங்கிலும் பசுமை மாறாச் செடிகளும் நிழலால் அவற்றை அமுக்கிவிட்டன. பர்மாவில் தீத்தடுப்பு அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று ஸ்லேட் என்ற வன அலுவலர் 1896 இல் துறைசார் இதழிலேயே எழுதினார். வங்கத்திலும் அசாமிலும் சால் மரத்துக்கு இதே கதை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அங்கெல்லாம் வனத்துறையே திட்டமிட்டு எரிக்கத் தொடங்கியது. அந்தப் பாடத்தைப் படித்த துறை, அதைத் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டது. மலைவாசி வைத்தால் குற்றம், ரேஞ்சர் வைத்தால் காட்டியல். இன்றுவரை ஏறக்குறைய அப்படித்தான்.

ஆஸ்திரேலியா இந்த விஷயத்தில் நம்மை முந்திவிட்டது. மேற்கு ஆர்னம் லேண்டில் 28,000 சதுர கிலோமீட்டர் நிலத்தில் 2006 முதல் பழங்குடி மக்கள் வறட்சிக்காலத் தொடக்கத்தில் குளிர்ந்த தீ வைக்கிறார்கள். பிற்பகுதியில் வரும் பெருந்தீ குறைவதால் வெளியேறும் பசுங்குடில் வாயுவும் குறைகிறது. அந்தக் குறைவுக்குப் பணம் தர ஓர் எரிவாயு நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. அங்கே அது சம்பளத்துக்குச் செய்யும் தொழில். புல்வெளியும் யூகலிப்டசும் உள்ள அந்த ஊர் முறையை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதிகம் எரிவதும் உண்மை

இதுவரை படித்தவர் 'அப்படியானால் காட்டுக்கு இன்னும் தீ வேண்டும்' என்று முடிவுகட்டிவிடக் கூடாது. முதுமலையில் ஒரே இடம் மீண்டும் எரிய ஆகும் சராசரிக் காலத்தை நரேந்திரன் கோதண்டபாணி, மார்க் காக்ரேன், சுகுமார் மூவரும் 2004 இல் வெளியிட்டார்கள். இதைத் 'தீ இடைவெளி' என்போம். 1909–1921 காலத்து ஆவணங்களின்படி அது 10 ஆண்டு. 1989–2002 இல் 3.3 ஆண்டு. வேர்ச் சேமிப்பு உள்ள நாற்றுக்கும் பட்டை தடிக்க சில வருடம் வேண்டும். மூன்று வருடத்துக்கொரு முறை தலை கருகினால் அது என்றைக்கும் நாற்றாகவே நின்றுவிடும், வயதான மரம் விழும்போது அதன் இடத்துக்கு ஆள் இருக்காது.

1909–1921 என்பது ஆங்கிலேயர் தீயை முழு மூச்சாக அடக்கிய காலம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அந்த 10 ஆண்டை இயற்கையான அளவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் இன்றைய 3.3 ஆண்டில், தெரிந்தவர் தையில் வைத்த தீ எத்தனை, முகம் தெரியாதவர் பங்குனியில் விட்டுப்போன தீ எத்தனை என்று பிரித்துப் பார்த்தால், முதலாவது கிட்டத்தட்ட சுழியமாகத்தான் இருக்கும். நம் காடுகளின் நிலைமை விசித்திரமானது. தீயின் எண்ணிக்கை தேவைக்கு மேல், தேவையான தீ இல்லவே இல்லை.

தீயே ஆகாத இடங்களும் உண்டு. சேர்வராயன் உச்சிப் பக்கத்துப் பள்ளங்களில் எஞ்சியிருக்கும் பசுமைக்காட்டுத் துண்டுகளில் மரங்களின் பட்டை மெல்லியது. அங்கே முதல் தீகூடக் கொலைதான். காபித் தோட்டங்களின் ஓரமும் அப்படியே. தோட்டத்துக்காரர்கள் தீ என்றாலே பதறுவதில் நியாயம் இருக்கிறது.

சேர்வராயன் சரிவில் செய்வதென்றால்

ஏற்காட்டுச் சாலைக்குக் கீழே ஒரு சரிவைக் காட்டி, இங்கே என்ன செய்யலாம் என்று யாராவது கேட்டால், நான் முதல் இரண்டு வருடம் நெருப்பைப் பற்றியே பேச மாட்டேன். உண்ணியைப் பிடுங்குவதுதான் முதல் வேலை. மேலே வெட்டினால் பத்தாகத் துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு பரவலாக்கிய முறை இருக்கிறது: தண்டும் வேரும் சேரும் கழுத்துக்குச் சில சென்டிமீட்டர் கீழே, மண்ணுக்குள் ஆணிவேரைத் துண்டித்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிடுவது. மண் தொடாத வேர் காய்ந்துவிடும். மழைக்காலத்தில், மண் இளகி இருக்கும்போது, பழம் பழுக்குமுன் செய்ய வேண்டும். காய்ந்த புதரை அங்கேயே விடாமல் சரிவிலிருந்து இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாமே 12 டன்னை அடுக்கிக் கொடுத்தவர்கள் ஆவோம். தமிழ்நாடு அரசு 2022 இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டிருப்பதால் இந்தப் பகுதிக்குப் பணமும் அனுமதியும் கேட்பது இப்போது கடினமில்லை.

பிடுங்கிய இடத்தில் அடுத்த மழைக்கு விதையிலிருந்து உண்ணிக் கன்றுகள் ஆயிரக்கணக்கில் முளைக்கும். சருகுத் தீ வேலைக்கு வருவது இந்தக் கட்டத்தில்தான். புல்லும் சருகும் ஓரளவு சேர்ந்த தை மாதத்தில், மேல் விளிம்பிலிருந்து, நான்கைந்து ஏக்கர் துண்டாக. காலை பத்து மணிக்கு மேல் வைத்து, பிற்பகல் காற்றுக்கு முன் முடிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் சுற்றிலும் கோடு. எரித்த துண்டைக் குறைந்தது ஐந்தாறு வருடம் தொடக்கூடாது, பக்கத்துத் துண்டுகள் முறை வைத்து வரும்.

யார் செய்வது என்பது இதைவிடச் சிக்கல். கோடைக்குக் கோடை வனத்துறை தீக்காவலர்களைத் தற்காலிகமாக அமர்த்துகிறது. பலரும் மலைக் கிராமத்து ஆட்கள்தான். எந்தப் புல் எந்த வாரம் காயும், எந்தப் பள்ளத்தில் காற்று திரும்பும் என்பது அவர்களுக்குத் தெரியும். தீ பிடித்தபின் ஓடிவந்து அணைக்க மட்டும் அவர்களைக் கூப்பிடுகிறோம். 2006 இன் வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. 2011 இல் பிலிகிரிரங்கன் மலைச் சோளகர் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே அந்தச் சமூக உரிமையைப் பெற்றார்கள். நிர்வகிக்கும் உரிமையில் எரிக்கும் உரிமையும் அடங்குமா என்பதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. தீ கோட்டைத் தாண்டித் தோட்டத்துக்குள் போய்விட்டால் நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்பதும் எழுதப்படவில்லை. இந்த இரண்டு காகிதமும் இல்லாமல் எந்த ரேஞ்சரும் கையெழுத்துப் போட மாட்டார், போடாததற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அனுமதி கிடைத்தாலும் முதலில் மூன்று வகைத் துண்டுகள் வேண்டும்: பிடுங்கி எரித்தது, பிடுங்கி எரிக்காதது, தொடாமல் விட்டது. ஒவ்வொன்றிலும் முளை அடித்து, சிறு சிறு சதுரங்களாகப் பிரித்து, ஐப்பசி மழைக்குப் பிறகு உண்ணிக் கன்று எத்தனை, நெல்லி, வேங்கை, கருமருதுக் கன்று எத்தனை என்று எண்ண வேண்டும். எண்ணுவதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், மலைக் கிராமத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் செய்துவிடுவார்கள். இரண்டு மூன்று வருடக் கணக்கில், எரித்த துண்டில் உண்ணிக் கன்று குறையவில்லை என்றாலோ, நெல்லிக் கன்றும் சேர்ந்து குறைகிறது என்றாலோ, அந்தச் சரிவில் அடுத்த தைக்குத் தீ வேண்டாம், மண்வெட்டியோடு போனால் போதும்.